இங்கிலாந்தில் நாய்க்குட்டி வளர்த்து விற்க உரிமம்: கவுன்சில் ஆய்வு வரை ஒவ்வொரு படியும்

ஆய்வுக்கு வந்த கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) அதிகாரியும் கால்நடை மருத்துவரும் முக்கால் மணி நேரம் வரை நாய்களின் பக்கமே போகவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து என் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் முழுவதும் நானும் மனைவியும் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தோம். மல்லியும் சீனியும், எங்கள் இரண்டு லாப்ரடார் பெட்டைகள், குளித்துப் பளபளவென்று தோட்டத்துக் கதவருகே காத்திருந்தன. கோப்பில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை.

“போன ஈற்றில் மூன்றாவதாகப் பிறந்த குட்டியின் எடை எவ்வளவு?” என்று மருத்துவர் கேட்டார். அந்த எடை என் மனைவியின் கைப்பேசியில், அவள் தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பிய படத்துக்குக் கீழே இருந்தது. தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்த ஈற்று உரிமம் கேட்பதற்கு முந்தியது, கணக்கில் வராது என்று வாதாடிப் பார்த்தேன். “அடுத்த ஈற்றை எப்படிப் பதிவீர்கள் என்று காட்ட உங்களிடம் வேறென்ன இருக்கிறது?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியை விண்ணப்பப் படிவத்திலிருந்து நான் தொடங்கப் போவதில்லை. படிவம் நிரப்ப ஒரு மாலைப் பொழுது போதும். அதற்கு முந்தைய ஆறு மாதம்தான் உரிமத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள். வேல்ஸில் 2014ஆம் ஆண்டு விதிகள், ஸ்காட்லாந்தில் 2021ஆம் ஆண்டு விதிகள். லண்டனில் இருக்கும் அண்ணன் சொன்னதை நம்பிக் கார்டிஃபில் இருக்கும் தம்பி விண்ணப்பம் போடக் கூடாது.

உரிமம் உங்களுக்குத் தேவைதானா?

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 2018இல் இயற்றப்பட்ட உரிம விதிகள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவை இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. ஒன்றுக்கு ஆம் என்றாலே உரிமம் வேண்டும்.

முதல் கேள்வி எண்ணிக்கை பற்றியது. எந்த 12 மாத காலத்திலாவது உங்களிடம் மூன்று ஈற்றோ அதற்கு மேலோ நடக்கிறதா? பழைய சட்டத்தில் ஐந்து ஈற்று என்று இருந்ததை இந்த விதிகள் மூன்றாகக் குறைத்தன. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். விதியோ எந்த நாளிலிருந்தும் 12 மாதத்தை எண்ணும். போன அக்டோபரில் ஒன்று, இந்தப் பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்றால், வருடம் இரண்டு ஆனாலும் பத்து மாதத்துக்குள் மூன்று ஈற்று ஆகிவிட்டது. பிறந்தவற்றில் ஒன்றைக்கூட, குட்டியாகவோ வளர்ந்த நாயாகவோ, விற்கவில்லை என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் விலக்கு உண்டு.

இரண்டாவது கேள்வி தொழில் பற்றியது. நாய் வளர்த்து விற்பதைத் தொழிலாக நடத்துகிறீர்களா, அப்படி விளம்பரம் செய்கிறீர்களா? இதற்கு ஈற்றின் எண்ணிக்கை பொருட்டல்ல. ஒரே ஈற்றுக்கும் உரிமம் தேவைப்படலாம். லாப நோக்கம் இருக்கிறதா, கட்டணமோ தரகோ கிடைக்கிறதா, அடிக்கடி விளம்பரம் போடுகிறீர்களா என்றெல்லாம் கவுன்சில் பார்க்கும். வரித்துறை தொழில் வருமானத்துக்குத் தரும் 1000 பவுண்டு சலுகையும் ஓர் அளவுகோல். விற்றுவந்த மொத்தத் தொகை அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் தொழிலாகக் கருத மாட்டார்கள். ஆனால் குட்டி ஒன்றை 700 பவுண்டுக்குக் கொடுத்தால் இரண்டாவது குட்டியிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் உடனே உரிமம் கட்டாயம் என்று பொருளில்லை. கேள்வி எழும், பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் தொலைபேசியில் கேட்காதீர்கள். எத்தனை பெட்டை, எத்தனை ஈற்று, என்ன விலை, எங்கே விளம்பரம் என்று நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். “உரிமம் தேவையில்லை” என்று பதில் வந்தால் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றாவது ஈற்றை மச்சான் பெயரில் காட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மைக்ரோசிப் தரவுத்தளத்தில் குட்டியை ஈன்ற பெட்டையை வைத்திருப்பவரின் பெயர்தான் முதல் உரிமையாளராகப் பதிய வேண்டும். விளம்பரத்தில் தொலைபேசி எண் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது இருக்கும். மூன்று வேண்டாம் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

இணை சேர்ப்பதற்கு முன்

இடம் முதலில். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வீட்டை இப்படிப் பயன்படுத்தத் திட்ட அனுமதி தேவைப்படுமா என்பதை அதே கவுன்சிலின் திட்டப் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும். உரிமப் பிரிவு சரி என்றதால் திட்டப் பிரிவும் சரி என்று ஆகிவிடாது. விலங்கு வளர்க்கத் தடை விதிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

அடுத்து நாய். சினைக்கு விடப்போகும் பெட்டைக்கு விதிகள் நான்கு வரம்புகள் வைக்கின்றன. 12 மாதம் நிரம்பாமல் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் மொத்தம் ஆறு ஈற்று. இரண்டு முறை சிசேரியன் ஆன பெட்டையை மறுபடி இணை சேர்க்கவே கூடாது. இவை சட்டத்தின் வெளி எல்லை, அவ்வளவுதான். குட்டிகளை, நாய் இனங்களைப் பதிந்து வைக்கும் அமைப்பான கென்னல் கிளப்பில் பதிய விரும்பினால் அங்கே இன்னும் இறுக்கம்: வழக்கமாக நான்கு ஈற்றுக்கு மேல் பதிவதில்லை, எட்டு வயது தொட்ட பெட்டையின் ஈற்றையும் பதிவதில்லை. என் கருத்தில் நான்கே அதிகம். மல்லிக்கு மூன்றோடு நிறுத்திவிட்டோம்.

இதைவிட முக்கியமான, பலர் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு நாயின் மரபணு, உடலமைப்பு, உடல்நிலை இவற்றில் ஏதாவது தாய்க்கோ குட்டிகளுக்கோ கேடு தரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தால், அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது. லாப்ரடார் என்றால் இடுப்பு மூட்டு, முழங்கை எக்ஸ்ரே மதிப்பெண், கண் பரிசோதனை, விழித்திரைத் தேய்வுக்கான மரபணுச் சோதனை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் என்றால் மூச்சுத் திறன் தரவரிசை. சோதனைத் தாளில்லாமல் “நல்ல ஜாதி, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது” என்று சொன்னால் கூட வரும் மருத்துவர் தலையாட்ட மாட்டார். கடுவன் வெளியாளுடையது என்றால் அதன் சோதனைத் தாள்களின் நகலையும் வாங்கிவிடுங்கள். இணை சேர்ந்த பிறகு கேட்டால் சிலர் தொலைபேசியையே எடுப்பதில்லை.

2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லி வகையை இனப்பெருக்கம் செய்வதும் விற்பதும் கொடுப்பதும் குற்றம். பிட்புல் டெர்ரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகியவற்றுக்கு ஏற்கெனவே தடை. இவற்றின் கலப்புக்கு உரிமம் கேட்டுப் போவது வீண் வேலை.

கோப்பு

ஒரு நாயின் பெயரில் ஒரு தாள். அதில் பெயர், பால், மைக்ரோசிப் எண், அது பதிந்துள்ள தரவுத்தளம், பிறந்த தேதி, இனம், அடையாளம், உரிமையாளரின் முகவரி, பிறந்த இடம், தாய் தந்தை விவரம், சிகிச்சை விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பெட்டைக்குக் கூடுதலாக எத்தனை முறை இணை சேர்ந்தது, எந்தெந்தத் தேதி, அப்போது என்ன வயது, இயற்கையாகவா செயற்கை முறையிலா, எத்தனை ஈற்று, சிசேரியன் எத்தனை. நாய் இறந்தால் தேதியும் காரணமும். எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டு இவற்றை வைத்திருக்க வேண்டும்.

ஈற்றுக்குத் தனித் தாள். ஒவ்வொரு குட்டியும் பிறந்த தேதி, நேரம், அதன் பால், நிறம், எடை. கூடவே விழுந்த நஞ்சுக்கொடிகளின் கணக்கு. ஆம், விதியிலேயே அது இருக்கிறது. ஊரில் மாடு கன்று போட்டால் என் பாட்டி கன்றைப் பார்ப்பதற்கு முன்பே “நஞ்சு விழுந்ததா?” என்றுதான் கேட்பாள். லண்டன் சட்டப் புத்தகத்தில் பாட்டியின் கேள்வியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. காரணம் ஒன்றேதான்: உள்ளே தங்கிவிட்டால் கருப்பையில் தொற்று. தாய் சில கொடிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தின்றுவிடும் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால்தான் எண்ண முடியும். ஈனும்போது உரிய மேற்பார்வை வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஈற்றுப் பெட்டிக்கு மேலே ஆணியில் நூறு பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது. பக்கத்தில் சமையல் தராசு. பிறந்தவுடன் ஒவ்வொரு குட்டிக்கும் வேறு வேறு நிற ரிப்பன். “சிவப்பு, 2.40, பெண், கறுப்பு, 410 கிராம், கொடி விழுந்தது” என்று ஒரு வரி. இரவு மூன்று மணிக்கு எழுதிய கிறுக்கல் எழுத்தாக இருந்தாலும், காலையில் நினைவிலிருந்து எழுதிய அழகான கையெழுத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. மறு ஆய்வில் அந்த நோட்டைப் பார்த்த அதிகாரி கணினியில் தட்டச்சு செய்த என் அட்டவணையைத் திறக்கவே இல்லை.

பதிவேடுகளுக்கு அடுத்தது எழுத்து நடைமுறைகள். உணவு, சுத்தம், கொண்டுசெல்லுதல், நோய் பரவாமல் தடுத்தல், உடல்நலத்தைக் கண்காணித்தல், நாய் இறந்தாலோ தப்பி ஓடினாலோ செய்ய வேண்டியவை என ஆறுக்கும் தாள் வேண்டும். தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு அவசரத் திட்டம் தனி. அதில் தொடர்பு எண்களும், நீங்கள் இல்லாதபோது வீட்டைத் திறக்கக்கூடிய, பக்கத்தில் வசிக்கும் ஒரு சாவிக்காரரும் இருக்க வேண்டும். உங்கள் கால்நடை மருத்துவரோடு பேசி ஒப்புக்கொண்ட நோய்த்தடுப்புத் திட்டமும் கோப்பில் வேண்டும்: தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எப்போது எப்போது என்று.

இணையத்தில் இவற்றுக்கு மாதிரித் தாள்கள் கிடைக்கும். வாங்கி அப்படியே சேர்த்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என் நண்பர் ஒருவரின் தாளில் ஒரு கிருமிநாசினியின் பெயர் இருந்தது. தொட்டிக்குக் கீழே வேறொன்று இருந்தது. “இதைத் தெளித்து எத்தனை நிமிடம் விட வேண்டும்?” என்று அதிகாரி அவரிடம் கேட்கவில்லை, அவர் மனைவியிடம் கேட்டார். அரைப் பக்கம் போதும், ஆனால் உங்கள் வீட்டில் உண்மையில் நடப்பதாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அதைப் படித்திருக்கட்டும்.

கடைசியாக, குட்டிகளைப் பழக்கும் திட்டம். வெளி உலகின் சத்தம், ஆட்கள், தரை வகைகள் எல்லாவற்றுக்கும் குட்டியைப் பயப்படாமல் பழக்குவது. மூன்றாவது வாரத்திலிருந்து என்ன செய்வீர்கள் என்று வாரவாரியாக எழுத வேண்டும். நாங்கள் எழுதியதில் மிக்ஸி, குக்கர் விசில், வாக்குவம் கிளீனர், அழைப்பு மணி, பாட்டியின் சீரியல் எல்லாம் இருந்தன. மருத்துவர் குக்கர் என்ற வரியில் நிறுத்தி என்னவென்று கேட்டார். அடுப்பில் பருப்பு இருந்தது. செய்முறை விளக்கமே கிடைத்துவிட்டது.

பட்டாசு பற்றியும் எழுதுங்கள். இங்கே வழக்கமாக இரவு 11 மணியோடு பட்டாசு நின்றுவிடும். நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரையும் தீபாவளி இரவில் ஒரு மணி வரையும் அனுமதி உண்டு. தமிழர்களும் குஜராத்திகளும் நிறைந்த தெருவில் அக்டோபர் கடைசியில் ஈனப்போகும் பெட்டை இருந்தால், எந்த அறை, எந்தத் திரைச்சீலை, யார் கூட இருப்பார்கள் என்று முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும்.

இடம்

பெரிய கூண்டு வரிசை இருந்தால்தான் உரிமம் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் குடும்ப வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். படுத்து நீட்டவும், நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும் ஒவ்வொரு நாய்க்கும் தாராளமான இடம், எளிதில் கழுவக்கூடிய தரை, தினமும் வெளியே நடை. ஈனும் இடத்துக்குத்தான் கணக்கு நுணுக்கம். குட்டி பிறந்து குறைந்தது முதல் 10 நாள் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். அதே நேரத்தில் தாய் அந்தச் சூட்டிலிருந்து விலகிப் போய்ப் படுக்க இடமும் இருக்க வேண்டும். ஆகவே அறை முழுவதையும் சூடேற்றுவது தவறு. பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் வெப்ப விளக்கோ வெப்பப் பாயோ வைத்து, மறு மூலையைக் குளிர்ச்சியாக விடுங்கள். இரண்டு வெப்பமானிகள், ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று. ஆய்வாளர் வந்ததும் வெப்பமானியைத்தான் கண் தேடும்.

விண்ணப்பம்

உங்கள் பகுதியில் கவுண்டி கவுன்சில், டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்று இரண்டு அடுக்கு இருந்தால் இந்த வேலை டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுடையது. லண்டனில் உங்கள் பரோவின், அதாவது நகரப் பிரிவின், கவுன்சில். ஆனால் பல பரோக்களுக்காக சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனின் விலங்குப் பிரிவு ஆய்வுக்கு வருவதும் உண்டு. புது ஆள் வந்து நின்றால் தவறான வீடு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கட்டணத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பரோவோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். பெரும்பாலும் இரண்டாகப் பிரித்து வாங்குகிறார்கள்: விண்ணப்பிக்கும்போது ஒன்று, உரிமம் கிடைக்கும்போது ஒன்று. இதற்கு மேல் முதல் ஆய்வுக்கு வரும் மருத்துவரின் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முதல் பகுதி திரும்பி வராது. ஆகவே கோப்பு முடியும் முன் விண்ணப்பிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம்.

வீட்டின் வரைபடம் கேட்பார்கள். கட்டடக் கலைஞர் தேவையில்லை; கோடிட்ட தாளில் கையால் வரைந்து, எந்த அறையில் எந்த நாய், ஈற்றுப் பெட்டி எங்கே, தீயணைப்புக் கருவி எங்கே, தோட்டத்து வேலி எவ்வளவு உயரம் என்று குறித்தால் போதும். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை இணையுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு நாய் வியாபாரத்தைப் பெரும்பாலும் ஏற்காது. பயிற்சிச் சான்று இருந்தால் அதையும்.

விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடையே குறைந்தது பத்து வாரம் விடுங்கள். நாய்ச் சினை ஏறத்தாழ 63 நாள், அதாவது ஒன்பது வாரம். சினை பிடித்துவிட்டதென்று உறுதியான பிறகு விண்ணப்பம் போட்டால் குட்டி முந்திக்கொள்ளும்.

ஆய்வு நாளும் நட்சத்திரமும்

முதல் ஆய்வில் கால்நடை மருத்துவர் கட்டாயம் உண்டு. கேள்விகளை வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேட்பார்கள். நாய்களை அடைத்து வைக்காதீர்கள்; ஆளைக் கண்டு வாலாட்டுகிறதா, மூலைக்கு ஓடுகிறதா என்பதும் அவர்களுக்குத் தகவல்.

உரிமம் கிடைத்தால் கூடவே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வரும். அதன் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. இரண்டு விஷயங்களைப் பெருக்கிப் பார்ப்பது போன்றது: நீங்கள் எவ்வளவு தரம், நீங்கள் விதி தவறும் ஆபத்து எவ்வளவு. சிறு குறைகள் இருந்தால் யாராக இருந்தாலும் ஒரு நட்சத்திரம், ஓராண்டு உரிமம். அடிப்படைத் தரம் முழுவதும் இருந்தால், ஆபத்து குறைந்தவருக்கு மூன்று நட்சத்திரமும் இரண்டு ஆண்டும், ஆபத்து கூடியவருக்கு இரண்டு நட்சத்திரமும் ஓராண்டும். உயர்தரம் இருந்தால், ஆபத்து குறைந்தவருக்கு ஐந்து நட்சத்திரமும் மூன்று ஆண்டும், மற்றவருக்கு நான்கு நட்சத்திரமும் இரண்டு ஆண்டும். உயர்தரம் என்பதற்குக் கட்டாய உயர்தரக் கூறுகள் அனைத்தும், விருப்பக் கூறுகளில் பாதியும் இருக்க வேண்டும்.

புதிதாக வருபவருக்குப் பழைய வரலாறு இல்லை என்பதால் அவரைப் பொதுவாக ஆபத்து கூடியவர் பட்டியலில்தான் வைப்பார்கள். மாளிகை கட்டி வைத்திருந்தாலும் முதல் முறை நான்குதான் உச்சம். யாராவது “முதல் ஆண்டிலேயே ஐந்து வாங்கித் தருகிறேன்” என்று கட்டணம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

எங்களுக்கு ஒன்று கிடைத்தது. காரணத் தாளில் பாதிக்கு மேல் பதிவேடுகள் பற்றியே இருந்தது. நட்சத்திரம் தவறு என்று தோன்றினால் 21 நாட்களுக்குள் கவுன்சிலிடமே மேல்முறையீடு செய்யலாம். வார இறுதியும் விடுமுறையும் அந்த 21இல் சேரும். குறையை நீங்கள் ஒப்புக்கொண்டு திருத்திவிட்டால் மேல்முறையீடு வேண்டாம், பணம் கட்டி மறு ஆய்வு கேளுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். உரிமமே மறுக்கப்பட்டால் 28 நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

விற்கும்போது

உரிமத்தை வாங்கியவர்கள் அதை இழக்கும் அபாயம் இந்தக் கட்டத்திலும் உண்டு.

விளம்பரத்தில் உரிம எண், கொடுத்த கவுன்சிலின் பெயர், நாயின் வயது, அந்தக் குட்டியையே அடையாளம் காட்டும் புகைப்படம் நான்கும் இருக்க வேண்டும். போன ஈற்றின் அழகான படத்தைப் போடுவது விதிமீறல். நீங்கள் வளர்க்காத குட்டியை விற்கக் கூடாது. பிறந்து வளர்ந்த இடத்திலிருந்துதான் விற்க வேண்டும். வாங்க வருபவருக்குக் குட்டியைத் தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். இதன் பின்னால் ஒரு நாயின் கதை இருக்கிறது. லூசி என்ற கேவலியர் ஸ்பேனியல், வேல்ஸில் ஒரு நாய்ப்பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்டது, ஓயாத ஈற்றால் உடல் குலைந்திருந்தது, 2016இல் இறந்தது. அதன் பெயரால் நடந்த இயக்கத்தின் பயனாக, 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்க முடியாது. “நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துத் தாருங்கள், எங்களுக்கு வசதி” என்று வாங்குபவர் கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள்.

எட்டு வாரம் நிரம்பாமல் குட்டி வீட்டைவிட்டுப் போகக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப் உங்கள் பெயரில் பதிந்திருக்க வேண்டும். விற்றபின் பெயர் மாற்றம். 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது சட்டப்படி குற்றம்; பிறந்தநாள் பரிசாகக் குட்டி வாங்க வரும் பையனை அம்மாவையோ அப்பாவையோ அழைத்துவரச் சொல்லுங்கள். உணவு, ஊசி, புழு மருந்து விவரங்களை எழுதிக் கொடுங்கள். நாங்கள் கூடவே ஒரு வாரத்துக்கான தீனியும், தாயின் வாசனை ஏறிய துணியும் கொடுக்கிறோம். இது விதியில் இல்லை. முதல் இரவு அழுகை பாதியாகக் குறைகிறது.

வரித்துறையிலும் பதியுங்கள். பணக் கணக்கை நேர்மையாகச் சொல்வதென்றால், இரண்டு பெட்டைகளோடு உரிமக் கட்டணம், எக்ஸ்ரே, மரபணுச் சோதனை, காப்பீடு எல்லாம் போக எங்களுக்கு நின்றது சொற்பம். ஒரு நள்ளிரவு சிசேரியன் அந்த ஆண்டை நஷ்டத்தில் முடித்தது.

உரிமம் கையில் வந்த பிறகு

உரிமத்தின் நகலை வளாகத்தில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். உரிமக் காலத்துக்குள் ஒரு முறையாவது முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது பொங்கல் அன்று காலை, வாசல் முழுவதும் கோலம். வீடு மாறினால் உரிமம் கூடவே மாறாது, புது இடத்துக்குப் புது விண்ணப்பம். பெட்டை ஓய்வு பெற்ற பின் அதன் வாழ்வு எங்கே என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள், அதிகாரி கேட்பார். மல்லிக்குக் கருத்தடை செய்துவிட்டோம், சோபாவின் இடது மூலை அவளுடையது.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை உரிமம் முடியும் தேதிக்குப் பத்து வாரம் முன்பே போட்டுவிடுங்கள். தேதி கடந்துவிட்டால் அது புதுப்பித்தல் ஆகாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், மருத்துவரின் கட்டணம் உட்பட. எங்கள் அடுத்த தேதி அந்த நூறு பக்க நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.